வெதூரியா பேசாமல் இருந்த குளிர்காலம்

12 அக்டோபர், திங்கள்

காலையில் சவரம் செய்யப் போனால் குளியலறைக் கண்ணாடியில் ஒரு துண்டுத்தாள். பாவத்துக்குச் சம்பளம் மரணமாம். வெதூரியாவின் குண்டு குண்டான கையெழுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவள், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கிற மனுஷனிடம் விடிந்ததும் மரணத்தைப் பற்றிப் பேசலாமா? தாளைக் கிழிக்கவில்லை. ஈரக் கையால் எடுத்தேன், மை கரைந்துபோனது. அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுப் பையிலும் ஒன்று. ரொட்டிக்கும் பன்றிக் கொழுப்புக்கும் நடுவில். என்னோடு ஊர்க் குடிநீர் ஆபீஸில் குழாய் மாற்றுகிற சாண்டு பார்த்துவிட்டான். "என்னண்ணே, இன்னிக்கு ரொட்டிக்கு நடுவுல யாரு? மத்தேயுவா, மாற்கா?"

சிரித்துத் தொலைத்தேன்.

15 அக்டோபர்

போன வருஷ வசந்தத்தில்தான் ஆரம்பித்தது. மில் தெருவில் இருக்கிற பாப்டிஸ்ட் சபைக்கு ஒரு நாள் பாட்டுக் கேட்கப் போனாள். போனவள் போனவள்தான். ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்குப் போகிற எங்கள் ருமேனிய ஊரில் அவர்களுக்கு 'மனந்திரும்பிகள்' என்று பட்டப்பெயர். இப்போது என் வீட்டிலும் ஒரு மனந்திரும்பி. முன்பெல்லாம் அடுப்பு பற்றவில்லையென்றால் அதன் ஏழு தலைமுறையையும் திட்டுவாள். இப்போது அடுப்பைக்கூடத் திட்டுவதில்லை. எனக்கு அந்தத் திட்டு பிடிக்கும்.

இரவு சாப்பிடும்போது:

"கவ்ரிலா, ஒரே ஒரு தடவை வா. பாட்டை மட்டும் கேட்டுட்டுப் போயிடு."

"எங்க கோயில்லயும் பாட்டு இருக்கு."

"நீ அங்க போறதே ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான்."

"எப்ப போனா என்ன? எங்கப்பன் போன கோயில்."

"நான் உன்னை விட்டுட்டுத் தனியாவா பரலோகம் போகணும்?"

"போ. அங்கயாவது நான் கொஞ்சம் நிம்மதியா... இல்ல, நீ நிம்மதியா இருக்கலாம்."

அழுதுவிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் விளையாட்டுக்கு அழவில்லை.

18 அக்டோபர், ஞாயிறு

டிசம்பரில் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாளாம். தொட்டியில் முழுசாக முங்கி.

"உனக்குத்தான் கைக்குழந்தையா இருக்கும்போதே ஆயாச்சே!"

"எனக்கு ஞாபகமே இல்லாதது எப்படி நான் எடுத்த முடிவாகும்?"

"ஊர்ல என்ன சொல்வாங்க? செத்துப்போன உங்கம்மா உன்னைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனது பொய்யா?"

"அம்மா செஞ்சது அம்மாவோட நம்பிக்கை. இது என்னோடது."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "அந்தத் தொட்டியில இறங்கினா, இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டேன். சொன்னதைத் திரும்ப எடுக்க வாய் வரவில்லை. மனசாரத்தான் சொன்னேனா? தெரியவில்லை. கத்தும்போது எனக்குப் பயமாக இருந்தது. அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

21 அக்டோபர்

எங்கள் கோயில் பாதர் இலாரியேயைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பாதர்கள் கல்யாணம் ஆனவர்கள், புரியும் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும், "அட, இன்னும் கிறிஸ்துமஸ் வரலையே!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ஒரே ஞானஸ்நானம்னு பவுல் எழுதியிருக்கார். அதை அவகிட்டச் சொல்லு. விடாதே. கேட்கலைன்னாலும் சொல்லிக்கிட்டே இரு."

சொல்லிக்கொண்டே இரு. இதையேதான் அவர்கள் பாஸ்டர் ஒனிசிமும் அவளிடம் சொல்லியிருப்பார். போன வாரம் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டையோடு நின்ற என்னை மடக்கினாரே, "பிரதர் கவ்ரிலா, இன்னிக்கு ராத்திரி நீங்க செத்தா எங்க போவீங்க?" என்று. "கல்லறைக்கு. இடம் வாங்கிப் போட்டாச்சு" என்றேன். நல்ல மனுஷர்தான், ஆனால் சந்தையில் கேட்கிற கேள்வியா அது?

பாதரிடம் ஒரு வேதப் புத்தகம் இரவல் வாங்கி வந்திருக்கிறேன். அவள் ஒரு வசனம் எறிந்தால் நானும் ஒன்று எறிய வேண்டாமா?

27 அக்டோபர், செவ்வாய்

கிடைத்தது!

பேதுரு எழுதின முதல் கடிதம், மூன்றாம் அதிகாரம், முதல் வசனம். நம்பாத கணவன் இருந்தால், மனைவி வாய்ப்பேச்சே இல்லாமல் நடந்துகொண்டால் போதும் என்று அர்த்தம். அவளுடைய புத்தகத்திலேயே! கறிக் கத்தியும் வெங்காயமுமாக அவள் நின்றிருந்த மேஜையில் புத்தகத்தைப் போட்டு விரலை வைத்தேன்.

"படி. உங்க பேதுருவே சொல்றான். வாயை மூடுன்னு."

கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். "சரி" என்றாள். திரும்பி வெங்காயத்தை அரியப் போய்விட்டாள்.

28 அக்டோபர்

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ரொட்டிக்கு நடுவிலும் கொழுப்பு மட்டும்தான். ஜெயித்துவிட்டேன்.

4 நவம்பர்

விறகு தீரப்போகிறது, உப்பு வாங்க வேண்டும், பக்கத்து வீட்டு நாய் கோழியைத் துரத்துகிறது. இந்த மூன்றும்தான் இந்த வாரம் வெதூரியா என்னிடம் பேசியது.

கோபமாக இருந்தால் சமாளிக்கலாம். கோபமில்லை. சிரிக்கிறாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். அவளுக்குள் ஒரு அறையைப் பூட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். பூட்டச் சொன்னவன் நான்.

9 நவம்பர்

மகள் லியானா ஸ்பெயினிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? அரை மணி நேரமா ருமேனியாவோட வானிலையைப் பத்தியே பேசறாங்க."

"நல்லாத்தான் இருக்கா."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

என் மகளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

16 நவம்பர், திங்கள்

நேற்று கிறிஸ்துமஸ் நோன்பு ஆரம்பம். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, அதாவது ஞாபகம் இருக்கிற நாட்களில். போன வருஷம் இதே நோன்புக்கு அவள் பெரிய பிரசங்கமே பண்ணினாள். கடவுள் உன் தட்டை எட்டிப் பார்க்கிறதில்லை, இதெல்லாம் மனுஷன் போட்ட சட்டம் என்று. இன்று கேட்காமலே, மசித்த வெள்ளை பீன்ஸ், மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். தனக்கும் அதையே போட்டுக்கொண்டாள்.

"உனக்கு நோன்பு கிடையாதே?"

"ரெண்டு சட்டி எதுக்கு வைக்கணும்?"

கரண்டியைக் கீழே வைத்தேன். நான் காட்டிய அந்தப் பேதுரு வசனத்தில் இன்னொரு பாதியும் உண்டு: பேச்சில்லாத மனைவியின் நடத்தையைப் பார்த்தே கணவன் மனம் மாறுவான் என்று. அடேய் கவ்ரிலா! உனக்கு நீயே பொறி வைத்துக்கொண்டாயேடா!

24 நவம்பர்

"என்ன படிக்கிறே?" என்று நானாகக் கேட்டேன்.

"சும்மா."

போன கோடையில் ஒரு நாள் மாலை, உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண் கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொட்ட கதையைச் சொன்னாள். நான் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும் கவ்ரிலா" என்றாள். நான் "ம்" என்றேன். லியானாவுக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் தங்காமல் போய், அவள் ரத்தம் ரத்தமாகப் போட்டுக்கொண்டு கிடந்த அந்த வருஷத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வருஷத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வேதம் பேசுகிறாள் என்று நான் காதை மூடிக்கொண்டேன். அவள் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லாமே அப்படி இல்லை. கண்ணாடியில் ஒட்டினதெல்லாம் நச்சரிப்புதான். ஆனால் நச்சரிப்பையும் இதையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டேனே.

29 நவம்பர், ஞாயிறு

வேறு நல்ல வசனம் கிடைக்குமா என்று அதே பக்கத்தைப் புரட்டினேன். நான் அன்று முதல் வசனத்தோடு மூடிவிட்டிருந்தேன். கீழே ஏழாவது வசனத்தில் பேதுரு திரும்பிப் புருஷன்மார்களைப் பிடித்துக்கொள்கிறார். மனைவியோடு புரிந்து வாழு, அவளுக்கு மதிப்புக் கொடு. இல்லாவிட்டால் உன் ஜெபம் தடைபடும் என்கிறார். தடைபடும் என்றால் குழாய்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கேயோ அடைப்பு இருக்கிறது, தண்ணீர் மேலே ஏறாது.

எனக்கு எழுதினதை விட்டுவிட்டு, அவளுக்கு எழுதினதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவளும் அப்படித்தானே என் பாவத்தின் சம்பளத்தைக் கண்ணாடியில் ஒட்டினாள்? இரண்டு பேரும் அடுத்தவர் பெயருக்கு வந்த தபாலையே பிரித்துக்கொண்டிருந்தோம்.

மாலை பாதரிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அவ தண்ணியில இறங்கறது தப்புன்னுதான் நான் இன்னும் சொல்வேன்" என்றார். பிறகு உள்ளே சமையலறைப் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா கவ்ரிலா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் என் வீட்டுக்காரிகிட்ட வசனம் சொல்லிப் பார்க்கறேன். ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. புத்தகத்தை நீயே வச்சுக்கோ" என்றார்.

5 டிசம்பர்

நல்ல குளிர். படி ஏறாதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மூன்று தடவை வாய் திறந்தேன். மூன்று தடவையும் விறகைப் பற்றித்தான் பேசினேன்.

12 டிசம்பர், சனி

கை இன்னும் விறைப்பாக இருக்கிறது, எழுத்து கோணலாக வரும்.

காலையில் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். மில் தெருவில் மண்ணுக்கு அடியில் குழாய் வெடித்துவிட்டது. போனால் ரோடெல்லாம் ஐஸ். சபை வாசலில் பாஸ்டர் ஒனிசிம் தொப்பியும் கோட்டுமாக நிற்கிறார். என்னைப் பார்த்ததும் பேச்சுத் தடுமாறியது. "பிரதர்... நாளைக்கு ஆறு பேருக்கு ஞானஸ்நானம். தொட்டியை இன்னிக்கு நிரப்பணும்."

நாளைக்கா? என் பெண்டாட்டி நாளைக்கு முங்கப் போறா, அதை எனக்கு ரோட்டுல நிக்கிற இந்த மனுஷன் சொல்லணுமா? ஏன் அவ எங்கிட்டச் சொல்லல? ஏன்னா நீதான்டா வாயை மூடுன்னே. வேற யாரு?

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். அந்த லைனில் சபையும், பூட்டிக் கிடக்கிற மில்லும்தானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். சாண்டு என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, ஆபீஸே திங்கள்னு சொல்லிடுச்சு. உங்க கையில பாவம்கூட ஒட்டாது. வண்டியை எடுக்கட்டுமா?"

எடுக்கச் சொல்ல எவ்வளவு ஆசை! பொய்யாக எதுவும் எழுதப்போவதில்லை. வண்டிக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் இல்லையென்றால் நாளைக்கு இல்லை. நாளைக்கு இல்லையென்றால் ஊர் வாயும் இல்லை. நானும் என் பேச்சை விழுங்க வேண்டாம். இறங்காதே என்று அவளிடம் நேரே சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவள் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லக் கூடாது. கண்ணாடியில் தாள் ஒட்டுவதைவிட அது கேவலம்.

"மண்வெட்டியை எடு" என்றேன்.

"அண்ணே, நிஜமாவா?"

"எடுடா!"

தரை கல்லாக இறுகிக் கிடந்தது. பாஸ்டர் கோட்டைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். நல்லாவே தோண்டினார். ஒரு தடவைகூட நான் செத்தால் எங்கே போவேன் என்று கேட்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் தண்ணீர் வந்தது.

வீட்டுக்குச் சேறும் பனியுமாகப் போய் நின்றேன்.

"எங்க வேலை?"

"மில் தெரு."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. அதை வைத்துவிட்டு, என் காலுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

13 டிசம்பர், ஞாயிறு

காலையில் பையோடு வாசலில் நின்றாள். "சூப் அடுப்பு மேல இருக்கு." போகவில்லை. "படி ஏறாதேன்னு சொன்னே. சாயங்காலம் நான் எங்க போறது கவ்ரிலா?"

எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்! வந்ததென்னவோ, "எங்க போவே? இங்கதான் வருவே. நான் சொன்னது தப்பு. தலையைத் துவட்டிட்டு வா, வெளியில குளிரு" என்பதுதான். தலையாட்டிவிட்டுப் போனாள்.

சூப்பைக் குடித்தேன். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். பிறகு நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கல்லறை வாசலில் பூ விற்கிறவள், "உயிரோட இருக்கறவங்களுக்கா, செத்தவங்களுக்கா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, செத்தவர்களுக்கு இரட்டைப்படை. ஏழு சாமந்தி கட்டிக் கொடுத்தாள்.

சபை வாசலில் ஒரு இளைஞன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வாங்க, வாங்க! யாரு உங்களை அழைச்சிட்டு வந்தாங்க?"

"யாரும் கூப்பிடல. அதான் வந்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. கடைசி வரிசையில் சுவரோரம் நின்றுகொண்டேன்.

வெதூரியா நான்காவதாக இறங்கினாள். வெள்ளை அங்கியில் சின்னதாகத் தெரிந்தாள். உள்ளே போய், இருமிக்கொண்டு, முடியெல்லாம் முகத்தில் ஒட்ட எழுந்தாள். கண்ணைத் துடைத்ததும் என்னைப் பார்த்துவிட்டாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியாது. எனக்குச் சம்மதமில்லாத ஒரு காரியத்தில் என் மனைவி அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

எல்லாரும் கரையேறிய பிறகு பாஸ்டர் கையை விரித்தார். "இன்னிக்கு முதல் தடவையா ஒரு சகோதரர் நம்ம நடுவுல வந்திருக்கார். கர்த்தர் அவரோட இருதயத்தைத் தட்டறார். முன்னால வருவாரா?" அத்தனை தலையும் திரும்பியது. காது சுட்டது. கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

துவாலையைச் சுற்றிக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்ற வெதூரியா சத்தமாகச் சொன்னாள்: "பாஸ்டர், அவரை விட்டுடுங்க. பூ வாங்கிட்டு வந்திருக்கார்."

ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு சபையே சிரித்தது, பாஸ்டரும்தான். நான் முன்னால் போனேன், அவளிடம் பூவைக் கொடுக்க மட்டும்.

திரும்பி வரும்போது வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. தண்ணீர் எவ்வளவு குளிர், உள்ளே போனபோது என்ன நினைத்தாள், பவுல் என்ன சொல்கிறார், எல்லாம். பாதிக்கு மேல் எனக்குச் சம்மதமில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் பொறுக்க முடியாமல், "பவுல் அப்படியா சொல்றார்? அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு படிச்சியா நீ?" என்றேன். நின்றுவிட்டாள். பனியில், நடுரோட்டில், ஈரத் தலையோடு அவளும் நல்ல கோட்டோடு நானும் ரொம்ப நேரம் சண்டை போட்டோம்.