ஒன்பது நாள் மழை

குமராட்சி, 4-7-1966
காலை எட்டரை, அளக்கும் நேரம். மழைமானி காலி. சைபர் போட்டேன்.

5-7-66
சிதம்பரத்திலிருந்து அப்துல் வதூது வந்தார். கல்லூரியில் பூகோளம் நடத்துகிறவர். நாடு முழுக்க மழைப் பதிவேடுகளைச் சேர்த்து, பெய்வதில் ஆவியாவது எவ்வளவு, மண்ணில் தங்குவது எவ்வளவு என்று வரைபடம் போடுகிறார்களாம். என் பதிவேட்டைப் புரட்டினார். "பத்தொம்பது வருசத்துல ஒரு கட்டம் காலியில்லையே உத்திராபதி. கொள்ளிடக்கரை பூரா ஒங்க அளவ வச்சுத்தான் போடப்போறேன்." கையோடு எடுத்தும் போய்விட்டார்.



9-7-66
எழுதிவிடுகிறேன். அறுபத்தொன்று நவம்பரில் ஒன்பது நாள் நான் அளக்கவில்லை. மகள் பொன்னியோடு கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். ஆறு வயசு. காய்ச்சல் இறங்கவேயில்லை. ஐந்தாம் நாள் காலை போய்விட்டாள். வெள்ளத்தில் பஸ் இல்லை. கெடிலம் ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்தோம். தண்ணீர் வடிந்தபின் ஊருக்கு வந்து பார்த்தால் மானி நிரம்பி வழிந்திருந்தது.

கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து மெமோ வரும். விளக்கம் எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்துச் சேத்தியாத்தோப்பு மானியின் அளவைக் கேட்டு வந்து, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் ஒன்பதையும் நிரப்பினேன்.

அவள் போனது காலை எட்டரைக்கு. பதிவேட்டின்படி அந்நேரம் நான் இங்கே மழை அளந்துகொண்டிருக்கிறேன் — என்ன மனுஷன்டா நான்?

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என் பொய் நாட்டுப் படத்தில் ஏறும்.

11-7-66
என் சம்சாரம் கொளஞ்சியம்மாளிடம் சொன்னேன். அவளுக்கும் இது தெரியாது. "அந்த ஒம்போது நாளும் மழ அளந்தேன்னா எழுதி வச்சிருக்கீங்க? அப்ப எம் புள்ள எங்க கெடந்துச்சாம்? போயி மாத்திட்டு வாங்க" என்றாள்.

13-7-66
சிதம்பரம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வதூது பென்சிலைக் கீழே வைத்தார். "ஒங்க அளவ இனி எடுக்க முடியாதுங்க. ஆபீசுக்கும் எழுதித்தான் ஆவணும்." நியாயம்தான். பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "நீங்களே திருத்துங்க" என்றார்.

ஒன்பது கட்டத்தையும் சிவப்பு மையில் அடித்தேன். ஓரத்தில்: "அளக்கவில்லை. மகள் பொன்னி இறந்தாள்." கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டைக் கொண்டுவந்துவிட்டேன்.

1-8-66
இன்றுமுதல் அளப்பது வேறு ஆள். பதிவேட்டை ஒப்படைக்குமுன் கொளஞ்சி கேட்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு மழை பிடித்தது. நான் எழுந்து போகவில்லை.