பெடலில் இருந்த கால்

9-10-1995, திங்கள்
மழை. புது பிரேக் பொருத்திய ஜீப்பை சிப்காட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக் தானாக விட்டுவிட்டுப் பிடிக்கும். பெடல் தடதடவென்று அதிரும். எந்த டிரைவரும் அங்கேதான் பயந்து காலைத் தூக்கிவிடுகிறான். நான் பழக்கும் டிரைவர் திம்மப்பனிடம் நாலு நாளாக அதே பாட்டு: அதிர்ந்தாலும் தூக்காதே. இன்று நனைந்த தாரில் கோடு பிசகாமல் நிறுத்தினான். மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டான்.

11-10, புதன்
நாளை நாட்றாம்பாளையம் மண்பாதை.

12-10, வியாழன்
எழுதியே ஆகவேண்டும்.

சரளை இறக்கம், மேலே சேறு. இறங்கும் முன் திம்மப்பன் சொன்னான்: "மாடசாமிண்ணா, இந்த விட்டுவிட்டுப் பிடிக்கறதை ஆஃப் பண்ணிடலாங்ணா. இந்தச் சரளையில சக்கரம் பூட்டிக்கிட்டாத்தான் முன்னால மண்ணு குவிஞ்சு வண்டி நிக்கும். இல்லீன்னா உருட்டிக்கிட்டே போயிரும்."

அதை அணைக்கும் சுவிட்ச் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "எனக்கே சொல்லித் தாறியாலே? மிதி" என்றேன்.

மிதித்தான். நிற்கவில்லை. உருண்டுகொண்டே போனது. "தூக்காதே, தூக்காதே" என்று கத்தினது நான்தான். ஓடைக்குள் கவிழும்வரை அவன் கால் பெடலில்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு உதட்டில் ரெண்டு தையல். அவனுக்கு இடுப்பெலும்பு முறிவு, தலையில் அடி. நினைவு திரும்பவில்லை.

13-10
நான் செத்திருக்கலாம்.

17-10, செவ்வாய்
மேனேஜர் கோவிந்தப்பன் கூப்பிட்டார். "பெடல் அதிர்ந்ததும் பயந்து தூக்கியிருப்பான். வழக்கமா நடக்கறதுதானே? பக்கத்துல இருந்தது நீங்க. எழுதிக் குடுத்துடுங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியானால் சரளையில் சுவிட்சை ஏன் அணைக்கவில்லை என்று என்னைக் கேட்பார். இருபது வருஷ வேலை. அட துப்புக்கெட்டவனே, அந்த நேரத்தில் அதையா நினைத்தாய்? அதைத்தான் நினைத்தேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

4-11, சனி
ஆஸ்பத்திரி. திம்மப்பனுக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் இறக்கத்தில் நடந்தது எதுவும் ஞாபகமில்லையாம். வேலையை விட்டு நீக்கிய கடிதம் அவன் மனைவி நஞ்சம்மா கையில்.

"அண்ணா, நான் காலைத் தூக்கிட்டனா? நீங்க அத்தனை தடவை சொல்லியுமா?"

"நீங்களே சொல்லுங்கண்ணா" என்றாள் நஞ்சம்மா. "நாளெல்லாம் இதையேதான் கேக்கறாரு."

"விடுப்பா, உடம்பைப் பாரு" என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்கணா" என்றான். என்னிடம்! படுபாவி நான், தலையை வேறு ஆட்டினேன்.

20-11
சோறு இறங்கவில்லை.

8-1-1996, திங்கள்
புது டிரைவர்கள் ஆறு பேருக்கு வகுப்பு. சரளை இறக்கம் வந்தால் முதலில் சுவிட்சை அணைக்கவேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். அன்று திம்மப்பன் சொன்னதை என் அனுபவம் என்று நினைத்திருப்பார்கள். தார் ரோட்டில் பெடல் அதிர்ந்தால் காலைத் தூக்கவே கூடாது என்றேன்.

"தூக்குனா என்னாகுங்க சார்?" என்று ஒருவன் கேட்டான்.

திம்மப்பன் பெயரைச் சொன்னேன். ஆறு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.