உப்புநீர்ப் பையும் ஜெல் பையும்

வேப்பம்பட்டு,
ஐப்பசி கடைசி ஞாயிறு

அன்பு மகள் திலகவதிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும், மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்று நான் வைத்துவிட்டேன். மழை வந்தது உண்மைதான். துணி எதுவும் காயப்போட்டிருக்கவில்லை. வாயால் பேச வராததை எழுதியாவது சொல்லப் பார்க்கிறேன்.

உனக்கு வலது பக்க மார்பகம் வளரவே இல்லை என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. நீ பெரிய மனுஷியானது முதல் உன் துணிகளை அம்மா யாரிடமும் தைக்கக் கொடுக்காததைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் நீ ஏன் தட்டிக்கழித்தாய் என்பதும் இப்போது புரிகிறது. ஃபோனை வைத்ததும் அம்மா உன்மேல் சத்தம் போட்டாள். "இத்தினி வருசம் ஒருத்தருக்கும் தெரியாம நான் தச்சுக் குடுக்கல? இப்ப இன்னாத்துக்குக் கத்தி வெக்கணும்?" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய் அழுதாள். கோபம் மாதிரித் தெரிந்தாலும் அது பயம்தான். எனக்கும் அதே பயம்.

நீ இரண்டு கேட்டிருந்தாய். ஆபரேஷன் செய்து மார்பகத்துக்காக உள்ளே வைக்கும் பையில் உப்புநீர் இருப்பது நல்லதா, சிலிகான் ஜெல் இருப்பது நல்லதா என்பது ஒன்று. கோவைக்கு வந்து ஆஸ்பத்திரியில் உன்னோடு இருக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு மட்டும் இப்போது எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிக்குப் போய் குணாளனைப் பார்த்தேன். ரசாயனத் தொழிற்சாலையில் என்னோடு தரப் பரிசோதனையில் இருந்தவன், உனக்குத் தெரியும். உன் பெயரை எடுக்கவில்லை. ஒரு பை கசிவது பற்றிச் சந்தேகம் என்று மட்டும் சொன்னேன். "இன்னா சார், ரிடையராயும் கசிவு உங்கள உட மாட்டேங்குது! ஊட்ல தண்ணி டேங்க்கா?" என்று சிரித்தான். அப்புறம், "நாத்தம் அடிக்கிற கசிவு நல்ல கசிவுன்னு நீங்கதான சார் சொல்லிக்கினே இருப்பீங்க. சத்தமில்லாம போறதுதான் ஆளத் தூக்கும்" என்றான். நான் சொன்ன பேச்சு எனக்கே திரும்பி, ரயிலில் வீடு வரும்வரை கூடவே வந்தது.

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஒரு பாலிதீன் பையில் உப்புநீர், இன்னொன்றில் கடற்பாசி காய்ச்சி ஆறவைத்த கூழ். பைகளின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினேன். பலகாரம் செய்கிறேன் என்று அம்மா நினைத்தாளாம். இரண்டையும் தட்டில் வைத்து ஊசியால் குத்தினேன். உப்புநீர் உடனே வடிந்து பை சப்பையாகிவிட்டது. கூழ் இருந்த பை ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

படித்ததும் அதையே சொல்கிறது. உப்புநீர்ப் பை ஓட்டையானால் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும், அந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஜெல் பை கிழிந்தால் தெரியாமலே இருக்கலாம், ஸ்கேன் செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பையின் மேற்புறம் சொரசொரப்பாக இருந்தால் அபூர்வமாக ஒருவகைப் புற்றுநோய் வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். வழவழப்பான பையே இருக்கட்டும். அதிலும் உப்புநீர். எனக்குத் தோன்றியது இது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

தெய்வம் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
பச்சையப்பன்


வேப்பம்பட்டு,
கார்த்திகை, வியாழன்

அன்பு திலகாவுக்கு,

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் படித்துவிடு. ஃபோனில் சொல்லத்தான் எடுத்தேன். உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நீ அம்மாவிடம் பேசியதை அவள் சொன்னாள். உனக்கு அந்த இடத்தில் தோல் மெல்லியது, ஜெல் பைதான் பொருந்தும் என்று டாக்டர் சொன்னாராம். நீயோ, "எங்கப்பா டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காரு, உப்புத்தண்ணியே வெச்சிருங்க" என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திலகா, நான் எழுதிய சோதனையில் ஒரு வரி குறைகிறது. ஊசியால் குத்துவதற்கு முன்பு, அம்மாவின் பழைய, மெல்லிய வாயில் புடவையைக் கிழித்து இரண்டு பைகளின் மேலும் போர்த்திப் பார்த்தேன். உப்புநீர்ப் பையின் ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாகத் துணிக்கு மேலே தெரிந்தது. கூழ்ப் பை சதை மாதிரி அமைந்து கிடந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எழுதவில்லை. எழுதினால் நீ ஜெல்லைத் தேர்ந்தெடுப்பாய், அது உள்ளேயே சத்தமில்லாமல் கசியும், நான் இல்லாத காலத்தில் உனக்கு ஏதாவது ஆகும் என்று பயந்தேன். பரிசோதனைக் கூடத்தில் யாராவது இப்படி முடிவை மறைத்திருந்தால் அவனை நான் வேலைக்கு வைத்திருக்க மாட்டேன்.

குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் கண்ணை மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், கல்யாணத்துக்காக இல்லை என்று நீ சொன்னாய். நான் யோசித்தது பையைப் பற்றி மட்டும். உன் மார்பகத்தைப் பற்றி யோசிக்க எனக்கு வெட்கம், அவ்வளவுதான். மடிப்பு தெரிந்து நீ மறுபடியும் பஞ்சு தேடும்படி ஆனால் அது என் பயம் செய்த வேலையாகிவிடும்.

டாக்டரிடம் போய், அப்பாவின் சோதனை பாதிதான் என்று சொல். ஜெல் வைத்தால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேள். எந்தப் பையும் ஆயுளுக்கும் வராது என்கிறார்கள், மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேள். அப்புறம் முடிவு உன்னுடையது. நீ எதைச் சொன்னாலும் நான் பயப்படத்தான் போகிறேன். என் பயத்தைக் கணக்கில் சேர்க்காதே.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மயக்க மருந்து கொடுக்கும் அறையின் கதவு மூடுவதை வெளியே நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் போன கடிதத்தில் நழுவினேன். தைரியம் இன்னும் வரவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன், இரண்டு பேருக்கும். தீபத்தை இங்கே ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை உன் ஆபரேஷனுக்கு முன்னால் வந்துவிடுவோம்.

அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நேற்று தையல் மிஷினைத் துடைத்து எடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்க முடியாதாமே, அதற்காக முன்பக்கம் பட்டன் வைத்து ஒரு பருத்திச் சட்டை. துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டினாள். பஞ்சு டப்பா அலமாரியிலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னா அப்படிப் பாக்கறீங்க? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் இனிமே" என்றாள். பட்டன் மட்டும் இன்னும் வைக்கவில்லை, நாளைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

அளவு குத்துமதிப்பாக வைத்திருக்கிறாள். சரியாக இருக்கிறதா என்று நீதான் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண் விழித்ததும் சொல்லிவிடும்மா. நாங்கள் வெளியேதான் இருப்போம்.

உன் அப்பா,
பச்சையப்பன்