என் பயணச்சீட்டில் ஒரு நாய்

செப்டம்பர் 9, செவ்வாய்

குல்தென் அக்கா மதியம் நாயைக் கொண்டுவந்து விட்டார். வறுத்த கொண்டைக்கடலையின் நிறம். பெயரும் அதுவே, லெப்லெபி. ஒரு காது பாதிதான் இருக்கிறது. மீன் சந்தைக்குப் பின்னால் கிடந்தவன்.

ஏற்பாடு எளிமையானது. துருக்கியில் எங்கள் இஸ்மிர் நகரத்துத் தெருநாய்களைத் தத்தெடுக்க ஜெர்மனியில் ஆட்கள் இருக்கிறார்கள். அக்கா நடத்தும் காப்பகத்துக்கு நாயைத் தனியே அனுப்பப் பண வசதியில்லை. அந்தப் பக்கம் பறக்கிற யாராவது தன் பயணச்சீட்டில் சேர்த்து அழைத்துப்போய், விமான நிலைய வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். நான் ஹாம்பர்க்குக்குப் படிக்கப் போகிறேன். சரி என்றேன். விமானத்தில் கொண்டுபோகும் பைக்குள் இருக்கப் பழகும்வரை எங்கள் வீட்டில் இருப்பான்.

"ரொம்பக் கொஞ்சாதே நிஹான்," என்றார் அக்கா. "அவன் உன் நாய் இல்ல. நீ அவனோட டாக்ஸி."

சமையலறையிலிருந்து அம்மா: "ஒண்ணு போறது பத்தாதுன்னு துணைக்கு இன்னொண்ணா?"

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று தானாகவே பைக்குள் நுழைந்து படுத்துக்கொண்டான். எனக்கு எதிலும் அப்படி நுழையத் தெரியவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மா அவனுக்கு ஒளித்து ஒளித்து ஈரல் கொடுக்கிறாள்.

"எடை கூடினா விமானத்துல ஏத்த மாட்டாங்கம்மா."

"ஏத்தலைன்னா போகாதீங்க. ரெண்டு பேரும்."

சிரித்துவிட்டேன். அந்தத் துணிச்சலில் கேட்டேன்: எனக்குப் பின்னால் எந்தக் குவளையில் தண்ணீர் ஊற்றப் போகிறாய்? எல்லா வீட்டிலும் செய்வதுதானே. ஊர் விட்டுப் போகிறவர் பின்னால் ஊற்றினால் தண்ணீர் போலத் தடையில்லாமல் போய்த் தண்ணீர் போலத் திரும்பி வருவார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கண்ணனுக்கு ஒரு குடமே ஊத்தினேன். கனடாலேர்ந்து ஒரு தடவை வந்தானா? உனக்கு ஊத்த மாட்டேன். ஊத்திட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால ஆகாது."

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணீர் யாரையும் திருப்பிக் கொண்டுவராது, எனக்குத் தெரியும். இத்தனை புத்தகம் படித்தவளுக்குத் தெரியாதா? பிறகு ஏன்டி கேட்டாய்?

செப்டம்பர் 20, சனி. ஹாம்பர்க்

இன்னும் விடியவில்லை, டாக்ஸி வந்துவிட்டது. அம்மா கீழே இறங்கவில்லை. கார் நகரும்போது அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் நின்று ஜெரேனியம் பூச்செடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி வழிந்து தெருவரை சொட்டியது. நேற்று மாலைதானே ஊற்றினாள்? அதிகம் ஊற்றினால் வேர் அழுகும் என்று என்னைத் திட்டுகிறவள். என்னைப் பார்க்காமலிருக்க அவளுக்கு ஏதோ ஒரு வேலை வேண்டியிருந்திருக்கிறது.

பாதுகாப்புச் சோதனையில் நாயைப் பையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு உலோகம் கண்டறியும் வளைவுக்குள் நடக்கச் சொன்னார்கள். அவன் நெஞ்சு என் நெஞ்சின் மேல் அடித்துக்கொண்டது. காவலர் அவனுடைய கடவுச்சீட்டைப் புரட்டினார்: "மகளே, போட்டோல இவன்தான் உன்னைவிட லட்சணமா இருக்கான்."

மேலே பறக்கும்போது பையைத் திறக்கக் கூடாது. காலடியில், முன்இருக்கைக்குக் கீழே வைத்தேன். குனிந்து வலை வழியே ஒரு விரலை விட்டேன். வழியெல்லாம் அந்த விரலின் மேல் மூக்கை வைத்துக்கொண்டே வந்தான். எனக்கு மேகம் பார்க்கத் தோன்றவில்லை.

இறங்கி வெளியே வந்தால், துணியில் எழுதிப் பிடித்திருந்தார்கள்: நல்வரவு லெப்லெபி. வீப்கே என்கிற உயரமான அம்மாள், தலை நரைத்தவர், தனியே வாழ்பவர், அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள், பலூன்கள். பையைக் கண்டதும் கைதட்டினார்கள். தெரியாதவர்கள்கூட நின்று தட்டினார்கள்.

வீப்கே பையை வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உன்னைக் கூட்டிப்போக யார் வந்திருக்காங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்க," என்றேன்.

அவர்கள் போகும்வரை வாசலையே பார்ப்பதுபோல நின்றேன். பிறகு ரயில் வரைபடத்தைத் தேடினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அந்தப் பை இல்லாமலே தோள் சாய்ந்திருக்கிறது. அம்மா போனை எடுக்கவில்லை. செய்தி மட்டும் வந்தது: நாய் சாப்பிட்டதா?

அக்டோபர் 4, சனி

வீப்கே அழைத்தார். "வந்ததிலேர்ந்து மேசைக்கு அடியிலதான் கிடக்கான். நான் பேசினா சுவரைப் பாக்குறான். ஒரு தடவை வந்துட்டுப் போயேன்."

போனேன். சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டு துருக்கி மொழியில் பேசினேன். வாய்விட்டு என் மொழி பேசி எத்தனை நாளாயிற்று! நிறுத்த முடியவில்லை. வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராதது, அறையின் ஒற்றை ஜன்னல், எல்லாம் சொன்னேன். மெல்ல ஊர்ந்து வந்து பாதிக் காதை என் மணிக்கட்டில் வைத்தான்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"உங்க ரொட்டி செங்கல் மாதிரி இருக்குன்னு."

"அதுக்கா என்மேல இத்தனை நாள் கோவம்?" என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். வீப்கே நாய்க்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க, நானும் கற்கிறேன். 'உட்கார்' அவனுக்குத்தான் முதலில் வந்தது.

நனைந்த அவனைத் துவட்டும்போது ஏனோ தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைச் சொன்னேன்.

"இந்த ஊருல வானமே ஊத்துது. நாங்க வேற ஊத்தணுமா?" என்று சிரித்தார். பிறகு, "உனக்கு உங்கம்மா ஊத்தினாங்களா?"

"இல்லை."

துண்டை மடித்தார். மறுபடி விரித்து மடித்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

புறப்படும்போது வாசற்படியில் ஒரு காலைத்தான் வைத்திருப்பேன். வீப்கே லெப்லெபியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவந்து என் காலடியில் அப்படியே கவிழ்த்தார். போகிறவர் கொஞ்சம் தள்ளிப் போனபிறகு ஊற்ற வேண்டும். அதை நான் சொல்லியிருக்கவில்லை. காலணி, காலுறை எல்லாம் நனைந்தன.

"சரியா செஞ்சேனா?"

"சரிதான்," என்றேன். லெப்லெபி படியில் தேங்கியதை நக்கினான்.

ஈரக் காலோடு ரயிலில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு,

"நாய் குடிச்ச தண்ணியா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு ஊத்தினா?"

"ஒரு கிண்ணம்."

"நம்ம ஜெரேனியம் ரெண்டும் அழுகிப்போச்சு," என்றாள். "அன்னைக்குத் தண்ணி அதிகமாயிடுச்சு."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. வசந்த விடுமுறைக்கு வரும்போது புதுச் செடி வாங்கலாம் என்றேன்.

"வெள்ளைப் பூவா பாத்து வாங்கு," என்றாள்.