டொக்டர் சொன்னதில் நான் விழுங்கியது

இன்று பின்னேரம் மேல்மாடியில், உன் வீட்டில், மறுபடியும் ஒரு பாத்திரம் சுவரில் மோதி உடைந்தது. நீ போன பிறகும் உன் அப்பா கையை நிறுத்தவில்லை.

அந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது, உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று. நீங்கள் மொன்றியலுக்கு வந்து ஆறு மாதம்தான். உனக்கும் எனக்கும் ஒரே மூட்டுவாதம், ஒரே டொக்டர். அதனால் அவருடைய பிரெஞ்சைத் தமிழில் சொல்ல என்னைக் கூட்டிப் போனார்கள். இந்த மூட்டு வருத்தம் வருடக்கணக்கில் இருக்கும் என்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அன்றிரவு, "இது உன்ர ஆக்களின்ர வருத்தமடி" என்று உன் அப்பா கத்தினார். கொதிக்கும் சோற்றுப் பானை உன் அம்மாவின் தோளில் விழுந்தது.

காலையில் பஸ் தரிப்பிடத்தில், மாத்திரையால் ஊதிய முகத்தோடு நீ சொன்னாய்: "நீ சொல்லுற ஒவ்வொண்டுக்கும் அம்மா அடி வாங்குறா. உன்ர பிரெஞ்சுக்கு ஒரு பூட்டுப் போடடி." சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

அடுத்த முறை டொக்டர் நிதானமாக விளக்கினார். மூட்டில் இருக்கும் அழற்சி இதயத்தைச் சுற்றியும் வரலாம், இரத்தக் குழாய்களையும் தொடலாம், சின்னப் பிள்ளை என்று பார்க்காது. படுக்கும்போது நெஞ்சு நொந்தால் உடனே கொண்டு வாருங்கள்.

"என்னவாம், பிள்ளை?" என்றார் உன் அப்பா. நீ என்னையே பார்த்தாய்.

"உப்பைக் குறைக்கட்டாம், அங்கிள். மருந்தை விடாமல் குடுக்கட்டாம்."

உன்னிடம்கூட மிச்சத்தைச் சொல்லவில்லை. இரண்டு கிழமையில் நீ குனிந்து உட்கார்ந்தபடியே நித்திரை கொள்ளத் தொடங்கினாய். "முதுகிலையும் வாதம் இறங்கிட்டுது" என்றார் உன் அம்மா. எனக்குத் தெரிந்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் அம்புலன்ஸ் வந்தது. இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்ததாம்.

மலர்ச்சாலையில் உன் அப்பா எல்லோர் முன்னாலும் உன் அம்மாவின் தலைமயிரைப் பிடித்து உன் சவப்பெட்டியில் மோதினார். வாயில் இரத்தத்தோடு அன்ரி என்னிடம் கேட்டார்: "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை?"

"இல்லை" என்றேன். நான் விழுங்கியதால் அவருக்கு ஓர் அடிகூடக் குறையவில்லை.

மூன்று இரவாக எனக்கும் படுத்தால் நெஞ்சு நோகிறது. குனிந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இது இதயத்தில்தான் என்று சொன்னால், "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று என் அம்மா கேட்பார். எல்லாம் வெளியே வரும். பிறகு உன் அப்பா எங்கள் கதவுக்கு வருவார். துறைமுகத்தில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கும் கைகள் அவை.

டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் போய்வருகிறேன். இப்போது அம்மாவை எழுப்பப் போகிறேன். முதலில் என் நெஞ்சைப் பற்றிச் சொல்வேன். அதே மூச்சில் உன்னுடையதையும்.