ராதோவானுக்குக் கறம்பக்குடியில் நடந்த பணி நிறைவு விழா

அன்பு மகள் திலகவதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு ஆடுகளும் நலம். அங்கே பெல்கிரேடில் நீயும், பிசியோதெரபிக்கு உன் கையில் ஒப்படைத்திருக்கிற ராதோவானின் முதுகும் நலமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். கறம்பக்குடி நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், இன்று நான்காவது நாள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் கை ஓடுகிறது. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பக்கத்து வீட்டு ராசாத்தி வரைக்கும் கேட்கும். இதில் ஒரு விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது. அது கடைசியில் வரும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே ஆத்தா, நான் எழுதின வரிசையிலேயே படி.

எழுத்தறிவு வகுப்புப் புத்தகம் முடிந்துபோனது, படிக்க வேறு ஏதாவது அனுப்பு என்று கேட்டதற்கு, நீ ராதோவானைப் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாய் அல்லவா, பரிமளா டீச்சர் அதை ஜெராக்ஸ் எடுத்து ஒன்பது பேருக்கும் கொடுத்துவிட்டார். மூன்று மாதமாக எங்களுக்கு அதுதான் பாடம். பதினெட்டு வயதில் படகில் ஏறியவர் நாற்பது வயது வரை நாட்டுக்காகத் துடுப்புப் போட்டிருக்கிறார், நடுவில் நாட்டின் பேரே மாறியும் அவர் உட்கார்ந்த இடம் மாறவில்லை, மூன்று ஒலிம்பிக், பதினைந்து உலகப் போட்டி, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு வெண்கலம், ஒரு தடவை கண் இமைக்கிற நேர வித்தியாசத்தில் நான்காவது. கூடத் துடுப்புப் போட்ட ஐந்து பேர் கல்யாணம், கடை, கோழிப்பண்ணை என்று ஒவ்வொருவராக இறங்கிப் போக இவர் மட்டும் இறங்கவே இல்லை. இதெல்லாம் எங்களுக்குப் புரிந்தது. அவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் ஓட்டுவார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் வகுப்பு இரண்டு நாள் நின்றுவிட்டது. என்னோடு ரோட்டு வேலை பார்த்த அழகுமலை, ரோடு ரோலர்காரன்கூடத் திரும்பிப் பாத்துத்தான்யா ரிவர்ஸ் எடுப்பான், இந்த மனுசனுக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது என்று கேட்டான்.

கடைசி வரிதான் எங்களைப் போட்டுப் புரட்டியது. இந்தக் கோடையோடு ஓய்வு பெறுகிறார், கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, முதுகைக் காட்டக்கூட வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு மாலை இல்லை, சால்வை இல்லை, ஒரு வாய் சோறு இல்லை, என்ன நாடு அது. நான் ரிட்டயர் ஆன பிறகு ஆறு மாதம் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு போய்க் கந்தர்வகோட்டை ரோட்டில் சும்மா நின்றேன், உனக்குத் தெரியும். என் பணி நிறைவு விழாவில் கொடுத்த வாழ்த்து மடல் எட்டு வருடமாக நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, எழுத்துத் தெரிந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் படித்தேன். அதில் என் பேர் இல்லை, பொன்னமராவதி சிவசாமி என்று இருக்கிறது. பொன்னமராவதியில் ஏதோ ஒரு சுவரில் நான் தொங்குகிறேன். உன் அம்மாவைக் கேட்டால், எனக்கு அன்னைக்கே தெரியும், எதுக்குச் சொல்லி ஒங்க மனச நோகடிக்கன்னு விட்டுட்டேன் என்கிறாள். அந்தக் கோபத்தில்தான் ராதோவானுக்காவது சரியான பேரைப் போட்டு நாமே விழா எடுப்போம் என்று வகுப்பில் எழுந்து சொன்னேன். அன்று மாலையே போனில் உன்னிடமும் சொன்னேன், நீ சிரித்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் நடந்தது. பிளக்ஸ் கடை பெலிக்ஸ் இனிஷியல் கேட்டான், அவர் அப்பா பேர் தெரியாததால் பெல்கிரேடுக்கு ஒரு பெ போட்டு பெ. ராதோவான் என்று அடித்தோம். மாலையை யாருக்குப் போடுவது என்பதில்தான் சிக்கல். படத்துக்குப் போட்டா செத்துட்டாருன்னு ஆயிரும்ங்க, உசுரோட ஒரு கழுத்து வேணும் என்று பெலிக்ஸ் சொன்னான். ராதோவான் ஆறடிக்கு மேல் என்று எழுதியிருந்தாயே, அவ்வளவு உயரத்துக்கு மின்வாரியத்தில் பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் கம்பம் ஏறுகிற சூர்யபிரகாஷ்தான் கிடைத்தான். அவனை நாற்காலியில் உட்கார வைத்தால், அழகுமலை எழுந்து, இருவத்திரெண்டு வருசம் திரும்பி உக்காந்த மனுசன நேரா உக்கார வச்சா அது அவர அவமானப்படுத்துறது, திருப்பிப் போடுங்க நாற்காலிய என்றான். திருப்பிப் போட்டோம். ஊர் முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழகுமலை ராதோவானுக்குப் பென்ஷன் கேட்டு ஒரு தீர்மானம் படித்தான், யாரிடம் கேட்பது என்று அதில் இல்லை. அப்போது சூர்யபிரகாஷின் தோள் குலுங்கியது, துடுப்புப் போட்டுக் காட்டுகிறான் என்று ஜனம் கை தட்டியது. சால்வை போடக் கிட்டே போன எனக்குத்தான் அவன் அழுவது தெரிந்தது. எனக்கெல்லாம் யாரு மாமா இப்புடிச் செய்யப் போறா, இன்னும் கொஞ்ச நேரம் இப்புடியே உக்காந்துக்கிறேன் என்றான். அந்தச் சால்வையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன், ராதோவான் கோபித்துக்கொள்ள மாட்டார்தானே.

அப்புறம் நீ எழுதிய பக்கத்தை வாசிக்க மைக் முன்னால் போனேன். என் விழாவில் அதிகாரி வாசித்தார், என்ன வாசிக்கிறார் என்று தெரியாமல் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது நான் வாசிக்கிறேன், உன் அம்மா முதல் வரிசையில். பாதியில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நீ. எப்போதும் பேசித்தானே அனுப்புவாய், அன்றைக்கு எழுத்தில் அனுப்பியிருந்தாய். மைக் முன்னாலேயே எழுத்துக் கூட்டிப் படித்தேன், நான் பாடத்தில் எதையோ தேடுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். கறம்பக்குடியில் விழா என்று சொன்னதும் ராதோவான் சிரித்தார் அப்பா, மறுநாளே படகுத் துறைக்கு வந்துவிட்டார், ஓய்வு வேண்டாமாம், இன்னும் ஒரு வருடம் ஓட்டப்போகிறாராம் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அண்டாவில் பாயசம் கொதித்துக்கொண்டிருக்கிறது, சூர்யபிரகாஷ் கழுத்தில் மாலை, பிளக்ஸில் பணி நிறைவு என்று கொட்டை எழுத்தில். போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஓய்வு பெறுகிறார் என்ற கடைசி வரி வரைக்கும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தேன். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் அந்த விஷயம். எனக்கு வந்த கடிதத்தையெல்லாம் யாராவது வாசித்துத்தான் நான் கேட்டிருக்கிறேன், அதனால் ஊருக்குத் தெரியாதது எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. உன் அம்மா எட்டு வருடம் ஒன்றை மனதில் வைத்திருந்தாள். அறுபத்தெட்டு வயதில் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது, சாப்பிடும்போதுகூடச் சிரிப்பு வருகிறது, என்னங்க என்னங்க என்று கேட்கிறாள், ஒன்றுமில்லை என்கிறேன். ராதோவான் செய்தது தப்பில்லை என்று அவரிடம் சொல். என்னையும் மறுநாள் கூப்பிட்டிருந்தால் மண்வெட்டியோடு ஓடியிருப்பேன். அந்த முதுகை நன்றாகப் பார்த்துக்கொள். நீயும் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. கந்தர்வகோட்டை முந்திரி இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன், ஒன்று அவருக்கு.

பதிலை வீட்டுக்குப் போடாதே, நூலகத்துக்குப் போடு, பரிமளா டீச்சர் பிரிக்காமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ராதோவான் தோற்றால் எனக்கு மட்டும் சின்ன எழுத்தில் எழுது, நமக்குள் இருக்கட்டும். ஜெயித்துவிட்டால் பெரிய எழுத்தில் எழுது ஆத்தா, ஊர் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, மறுபடியும் மைக் முன்னால் நின்று நானே வாசித்துச் சொல்லிவிடுகிறேன்.

நீ நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்க அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, அவள் வாழ்த்தையும் நானே சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு உன் அப்பா,
தங்கமுத்து,
சாலைப் பணியாளர், ஓய்வு.
(என் கையெழுத்துதான், சரியான பேர்தான்.)