ஏணிக்குப் போட்ட காலுறை

ஜூன் 4

என் வீட்டுக்காரர் ஏணி வாங்கி வந்துவிட்டார். அலுமினியம், இரண்டு பகுதி; கயிற்றை இழுத்தால் ஒன்றின் மேல் ஒன்று நீளும், கொக்கி விழுந்து படியைப் பிடித்துக்கொள்ளும். "இருபது அடி போகும்," என்றார், தானே இருபது அடி வளர்ந்துவிட்டவர் போல.

கூரை வடிகாலில் இலை அடைத்துக்கொண்டு என் படிப்பறைச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது. கீழே ஒரு வாளி. ஆள் வைத்துச் செய்யலாம் என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று மாத்திரை எண்ணுகிறவருக்கு உயரத்தின் மேல் என்ன ஆசை?

ஏணியோடு வந்த கையேட்டை நான் எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் கையேடு படிக்கும் ஒரே பிராணி நான்தான்.

ஜூன் 5

முப்பத்திரண்டு பக்கம். நூலகத்தில் இருபத்து நான்கு வருடம் இருக்கிறேன். மனிதர்களை இவ்வளவு நம்பாத ஒரு புத்தகத்தைப் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. அடிக்கோடு போட்டுப் படித்தேன்.

சாப்பாட்டு மேசையில் வாசித்தும் காட்டினேன். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டு பகுதியும் மூன்று படியாவது ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும், எப்போதும் ஏணியில்.

"அப்பா, எழுத்துத் தேர்வு முடிஞ்சதும் வாய்மொழித் தேர்வும் இருக்காம்," என்றாள் மகள்.

ஜூன் 7

எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து ஏணியைப் பார்த்தார். கயிற்றைத் தடவினார், ஒவ்வொரு படியையும் தட்டினார். "சார், கொக்கி விழுந்த சத்தம் கேட்டா மட்டும் போதாது. ரெண்டு பக்கமும் கண்ணால பாக்கணும்." போகும்போது இன்னொன்று சொன்னார்: "விழறவன் எல்லாம் ஏணியைத்தான் திட்டுவான். தப்பு பாதி நேரம் தரையிலதான் இருக்கும்."

படிக்காத மனிதர் கையேட்டை விட நன்றாகச் சொல்கிறார். கொஞ்சம் பொறாமை.

ஜூன் 9, காலை

எல்லாம் சரிபார்த்தாயிற்று. சாய்வு சரி, கொக்கி சரி. அவர் கையுறை தேடப் போயிருக்கிறார். முற்றத்துக்கு ஓடு பதித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏணி கீறிவிடும். கொடியில் கிடந்த சாம்பல் காலுறைகளை ஏணியின் கால்களுக்கு மாட்டிவிட்டேன். ஏணியும் அதே நிறம், யாருக்கும் தெரியாது. கையேட்டுக்கே தோன்றாத யோசனை.

ஜூன் 9, மதியம்

ஏழாவது படியில் இருந்தார். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏணி ஒரு முழம் பின்னால் வழுக்கிப் பூந்தொட்டியில் முட்டி நின்றது. அவர் ஜன்னல் சன்ஷேடைப் பிடித்து எப்படியோ அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே, "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ மொதல்ல உக்காரு, நீதான் விழுந்துருவ போல," என்றார்.

மகள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட ஓடினாள். அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன செய்தேன்? காலுறைகளைக் கழற்றினேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

எலெக்ட்ரீஷியன் அவரை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ரப்பர் புதுசாத்தானே இருக்கு. எப்படி வழுக்குச்சு?"

"நான்தான் சாய்வைத் தப்பா வெச்சிருப்பேன்," என்றார் அவர்.

நான் உள்ளே போய்க் கையேட்டைத் திறந்தேன்.

பக்கம் 19: ரப்பர் பாதம் நேராகத் தரையைத் தொட வேண்டும். அடிக்கோடு போட்டிருக்கிறேன். இரண்டு கோடு.

ஜூன் 12

ஏணி கொல்லைச் சுவரில் படுத்திருக்கிறது. அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

ஜூன் 15

"வயசாயிடுச்சு போல. கண்ணளவு தப்புது," என்றார் இன்று. பல்பு மாற்றக்கூட மகளைக் கூப்பிட்டார். அவளும் ஸ்டூலை ஒளித்து வைத்திருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயது மனிதர், என் தப்பால் ஒரே வாரத்தில் கிழவராகிக்கொண்டிருக்கிறார்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 16

சொல்லவில்லை. "என் சாம்பல் காலுறையைப் பாத்தியா?" என்று அவர் கேட்டபோதுகூட.

இருபத்தைந்து வருடமாக அவருடைய தப்புகளைச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறேன். பழக்கமில்லாத திசையில் நாக்கு புரளவில்லை.

ஜூன் 18

பேச வராதவள் எழுதலாமே. கெட்டியான அட்டையில், நூலகத்து எழுத்தில், ஏறுமுன் பார்க்க வேண்டியவை என்று ஒன்பது விதி எழுதினேன். கொக்கி, கயிறு, படியில் சேறு, ஈரம், காற்று... ஒன்பதாவது: "ஏணியின் காலில் எதையும் மாட்டக் கூடாது. அன்று மாட்டியவள் நான். சாய்வு சரியாகத்தான் இருந்தது."

அட்டையை ஏணியில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கோழை.

ஜூன் 19

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கவில்லையா? பார்த்துவிட்டாரா? ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் முகத்தில் என்ன தெரியும்.

ஜூன் 22

காலையில் கொல்லையில் கொக்கி விழும் சத்தம், இரண்டு முறை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏணி நிற்கிறது. குனிந்து அதன் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அட்டையில் என் ஒன்பதுக்குக் கீழே, மருந்துச் சீட்டு எழுத்தில்:

"10. ஏணிக்குக் குளிராது. எனக்குக் குளிரும். எடுத்துக் கொடு."

"பிடிச்சுக்கறியா, இல்ல அதுக்கும் எதாவது மாட்டணுமா?" என்றார்.

பிடித்துக்கொண்டேன். வடிகாலிலிருந்து இரண்டு வாளி இலை இறங்கியது. பாதி என் தலையில். தெரிந்தேதான் போட்டார்.

ஜூன் 30

விடியலிலிருந்து நல்ல மழை. படிப்பறையில் வாளி இல்லை. அவர் என் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். பக்கம் 19. சாம்பல் காலுறை, இடது குதிகாலில், ஏணி போட்ட ஓட்டை.